மழை வரைக்கும் கேட்டது

ஹெட்போனை மாட்டியதும் அவர் கை முதலில் போவது வேகத்தைக் கூட்டும் விசைக்குத்தான். எங்கள் குடிநீர்ப் புகார்ப் பிரிவில், கணினித் திரையில் உள்ளதை ஒரு குரல் அவருக்கு வாசித்துச் சொல்கிறது. அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் ஓடவிடும் வேகத்தில் நமக்குக் கேட்பது டப்பாவில் அடைபட்ட வண்டின் இரைச்சல். அவருக்கோ தெருப்பெயர், வீட்டு எண், புகார் கொடுத்தவரின் கோபம் எல்லாம் தனித்தனியாக விழும். அலுவலகத்தில் அவர் பெயர் 'எக்ஸ்பிரஸ்'.

"எக்ஸ்பிரஸக்கா, கொஞ்சம் நின்னு போகக் கூடாதா?" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

"சின்ன ஸ்டேஷன்ல எல்லாம் நிக்காதுப்பா."

இந்த வேகத்தைத் திறமை என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வண்டுக்குப் பழகிய காதுக்கு மனிதப் பேச்சு இழுவையாகிவிடுகிறது.

அவருடைய அம்மாவோ எதையும் மழையிலிருந்து தொடங்குகிறவர். பால் திரிந்ததைச் சொல்லவும் முதல்நாள் மழை வேண்டும். நடுவில் "ம் கொட்டுடி, சுவத்துக்கா சொல்றேன்?" என்று அதட்டல் வேறு.

"விஷயத்துக்கு வாம்மா."

"அந்த வண்டு கத்துறது புரியுது, பெத்தவ பேசுறது புரியலையாக்கும்!"

அம்மா கைபேசியில் அனுப்பும் குரல்செய்திகளை இரட்டை வேகத்தில்தான் கேட்பார். கேட்டதும் அழித்துவிடுவார். கடைசியாக வந்தது இது: "நீ பொறந்தன்னிக்கு உன் கண்ணைப் பார்த்துட்டு உங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? அன்னிக்கு மழைன்னா மழை..."

வேலை நேரம். பேச்சில் மழை வந்ததுமே அழித்துவிட்டார், மீதியை வீட்டில் அம்மாவிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று. அன்று மதியம் அம்மாவைப் பக்கவாதம் தாக்கியது. நினைவு தப்பவில்லை, நாக்குதான் புரளவில்லை. அப்பா எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டார்.

"மழைக்கப்புறம் என்ன சொல்லியிருப்பாங்க?" என்று சாப்பாட்டு இடைவேளையில் எங்களிடம் கேட்பார்.

நேற்று நான் அவர் வீட்டுக்குப் போனபோது, அம்மாவுக்காகக் கணினியைச் சரிசெய்து முடித்திருந்தார். பெரிய எழுத்துகள், நடுங்கும் விரல் ஒரே விசையை இருமுறை தட்டினாலும் ஒன்றாகவே ஏற்கும் ஏற்பாடு. அம்மாவிடம் வேலைசெய்வது இடதுகையின் ஒற்றை விரல்.

"அப்பா அன்னிக்கு என்னம்மா சொன்னாரு?"

விரல் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. வெகுநேரம் கழித்துக் கணினி வாசித்தது: "அன்னிக்கு மழை."

அவர் விசையைத் தடவி, குரலின் வேகத்தைக் கடைசிப் படிவரை இறக்கினார். அம்மா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ம்" என்றார்.