ஊசி படாத சேவல்கள்

செத்த சேவலை அறுத்துப் பார்த்தபோதுதான் கால்நடை மருத்துவரான எனக்குப் பொறிதட்டியது. ஒரே உடம்பில் இரண்டு நோய். வைரஸ் முதலில் வந்து வழி திறந்துவிட, பின்னாலேயே பாக்டீரியாவும் நுழைந்திருக்கிறது. நான் தண்ணீரில் கலந்து கொடுத்த மருந்து பாக்டீரியாவுக்கு மட்டும்தான், பாதி நோய்க்குத்தான் கேட்டது.

சேவலின் சொந்தக்காரர், மலைமேல் ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் நேர்த்திக்கடன் சேவல் வளர்ப்பவர். கம்பளிக் குல்லாய் போட்டிருப்பார். எந்தச் சேவலை எடுத்தாலும் கீறல் இருக்கிறதா என்று கொண்டையைத் தடவிப் பார்ப்பார்.

"முன்னாடியே தடுப்பூசி போட்டிருக்கலாமே, அண்ணே?"

"முனியாண்டிக்குப் போறதுலா. குத்துனா பழுது. படிச்ச புள்ள, பழுதானத நீ சாமிக்குக் குடுப்பியா?"

மிச்சச் சேவல்களும் செத்து, கொட்டகை காலியானது. திருவிழாவுக்கு ஜனங்கள் பிரிஞ்சாங் ஊரிலிருந்து தடுப்பூசி போட்ட பண்ணைக் கோழிகளை வாங்கிவந்து வெட்டினார்கள். அவர் ஓரமாக நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாமியும் சொல்லவில்லை.

அடுத்த குஞ்சுகள் வந்ததும், கண்ணில் சொட்டாக விடும் தடுப்பு மருந்தோடு அவரிடம் போகப்போகிறேன். அதையும் பழுது என்பாரோ, தெரியவில்லை.