தொட்டியோடு கதைத்தவர்

இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா சதுக்கத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளை வைன் தோட்டங்களுக்கு அழைத்துப்போவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். மலைச்சரிவு வைனுக்கும் கடலோர இனிப்பு வைனுக்கும் உள்ள வேறுபாட்டை மூன்று மொழிகளில் விளக்குவேன்.

ஒரு தோட்டத்து நிலவறையில் நம்மவர், ஈழத்தமிழர் ஒருவர் வேலை செய்தார். மெலிந்த மனிதர், கைகள் முழங்கைவரை ஊதா. திராட்சை புளித்த தொட்டியில் மூச்சை நிறுத்தும் வாயு தங்கியிருக்கும். ஒருவர் உள்ளே இறங்கிக் கழுவும்போது, வெளியே நிற்பவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் உடனே இழுக்க வேண்டும்.

அன்று பயணிகள் மேலே வைன் சுவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே போனேன். அவர் தொட்டியின் வாயில் குனிந்து கதைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை.

"ஆரோட அண்ணை கதைக்கிறியள்?"

"உள்ளுக்கை நிக்கிறவனோட. போன வருசம் ஒருக்காக் கதையை விட்டிட்டன், பிள்ளை. ஆள் போயிட்டான். இனி விடமாட்டன்."

"அங்கை ஒருத்தரும் இல்லை அண்ணை."

"படிச்ச ஆக்களுக்கு எல்லாம் தெரியுமாக்கும்! தொண்டை வறண்டு போச்சு, தண்ணி குடிச்சிட்டு வாறன். அதுவரைக்கும் நீர் கதையும். நிப்பாட்டிப் போடாதையும்."

சிரிப்பு வந்தது. ஆனாலும் குனிந்து, வெயிலைப் பற்றியும் பயணிகளைப் பற்றியும் பேசினேன். சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் நிறுத்தப் பயமாக இருந்தது.

திரும்பி வந்தவர் கேட்டார்: "மறுமொழி சொன்னவனோ?"

"ஓம்," என்றேன்.

அவருடைய ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்க விரும்புகிறேன். ஆனால் இன்றும், எந்தத் தோட்டத்திலும் திறந்த தொட்டியைத் தனியாகக் கடக்க நேர்ந்தால், தமிழில் ஏதாவது கதைத்துக்கொண்டுதான் கடக்கிறேன்.