காயலான் கடைக்காரர்களுக்குக் காபி

என் கார் முழு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்த அன்று, அந்தக் கார் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் போனதிலிருந்து அதற்கு அந்தப் பழக்கம். நினைத்துக்கொண்டால் அலறும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் போனார்.

கடலூரில் எங்கள் தெருவுக்குக் கெடிலம் கூப்பிடு தூரம். அந்த வருஷ மழைக்கு ஆறு எங்களைப் பார்க்க வந்தது. ஒரு ராத்திரி தங்கிவிட்டு, காரின் சீட் வரைக்கும் சேற்றை வைத்துவிட்டுப் போனது. ஷோரூமில் பழுதுபார்க்கும் செலவு என்று ஒரு தொகை போட்டார்கள். அது பாலிசியில் காருக்குப் போட்டிருந்த மதிப்பையே தாண்டிவிட்டது. அப்படித் தாண்டினால் ரிப்பேர் கிடையாதாம். பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளுமாம்.

“நல்லதாப் போச்சு. ஒன்பது வருஷ வண்டி. காச வாங்கிக்க” என்றார் என் கணவர்.

எனக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. இரண்டு காலுக்கும் காலிபர் என்ற இரும்புத் தாங்கி, கையில் ஊன்றுகோல். அந்தக் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பி உண்டு. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். கிளட்சுக்கு கியர் தலையில் ஒரு பொத்தான். கடலூர் முதுநகரில் இருக்கும் ஒரு மெக்கானிக் என் கையை நூல் வைத்து அளந்து செய்து கொடுத்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருடமாகச் சிதம்பரத்துக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. கம்பெனி கொடுக்கும் பணத்தில் இன்னொரு கார் வாங்கி அதிலும் கம்பி மாட்டுவது நடக்காத காரியம். அந்த வண்டி போனால் நான் எங்கே போவதானாலும் இன்னொருவரைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

கேட்காமலேயே எல்லாரும் உதவினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் கணவர் பர்மிஷன் போட்டுவிட்டு, நண்பரிடம் கார் வாங்கிக்கொண்டு கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் கீரப்பாளையத்தில் வேலை முடிந்து தம்பி தன் காரில் வந்து ஏற்றிக்கொண்டான். “அக்கா, எத்தினி மணிக்கு வரணும்?” என்று தினமும் போன். ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதற்கு மூன்று பேருக்கு நேரம் ஒத்துவர வேண்டியிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வண்டியை நானே வைத்துக்கொள்ள வழி உண்டா என்று சிதம்பரம் கிளை அதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“தாராளமா மேடம். காயலான் கடைக்காரங்க வந்து பாப்பாங்க. யாரு ஜாஸ்தியா கேக்குறாங்களோ, அந்தத் தொகைய உங்க க்ளெய்ம்ல கழிச்சுக்கிட்டு மீதியக் குடுத்துருவோம். வண்டி உங்களுக்கே.”

அதாவது வண்டியை எவ்வளவு மட்டமாக மதிக்கிறார்களோ அவ்வளவு எனக்கு மிச்சம். முதுநகர் மெக்கானிக் ஏற்கனவே வந்து பார்த்திருந்தார். “இது சாவல மேடம், நனைஞ்சிருக்கு. அவ்ளோதான்” என்றவர், ஷோரூம் கேட்டதில் கால்வாசிக்குச் செய்து தருவதாகவும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்கள். “நீ வாயத் தொறக்காத. பாக்கட்டும், போகட்டும்” என்றார் கணவர். சரி என்று தலையாட்டினேன். ஆனால் சனிக்கிழமையே காரைக் கழுவிவிட்டேன். நாலு பேர் பார்க்க வரும் வண்டியைச் சேறும் சகதியுமாக நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஹோஸ் பைப்பைப் பிடித்தேன். சீட்டுக்கு ஷாம்பூ போட்டேன். நாற்றம் போகச் சாம்பிராணி காட்டினேன். கணவர் வெளியே வந்து பார்த்தார்.

“என்னா, பொண்ணு பாக்கவா வர்றாங்க?”

காபிக்குச் சொல்லி வைத்திருந்ததை அவரிடம் அப்போது சொல்லவில்லை.

கம்பெனி சர்வேயருடன் மூன்று பேர் வந்தார்கள். முதல் இரண்டு பேர் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், எனக்குச் சாதகமாக உதட்டைப் பிதுக்கினார்கள். அதுவரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது ஆள் விழுப்புரம் பக்கம், கனத்த சரீரம். காருக்குள் தலையை விட்டவர் கண்ணில் கம்பி பட்டுவிட்டது.

“இன்னாம்மா இது? இத மொதல்ல புடுங்கி எறியணும். ரெண்டு கிலோ இரும்பு தேறும்.”

எனக்குச் சுருக்கென்றது.

“எதப் புடுங்கி எறியறது? அதப் புடிச்சுத்தான் ஒன்பது வருஷமா ஓட்டுறேன். எங்கனா ஒரு கீறல் இருக்கா, பாருங்க. போன வருஷம்தான் இன்ஜின் வேல பாத்தோம். டயரு நாலும் ஆடி மாசம் மாத்துனது. பேட்டரி புதுசு. ஏசி போட்டா பத்து நிமிஷத்துல போர்த்திக்கணும், தெரியுமா?”

கணவர் இருமினார். காபி புரையேறிவிட்டது என்று நினைத்து, “தண்ணி குடிங்க” என்று சொல்லிவிட்டு மேலே பேசினேன். கனத்த மனிதர் டயர்களை மறுபடியும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். சர்வேயர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சர்வீஸில் என்னைப் போல ஒருத்தியைப் பார்த்திருக்க மாட்டார்.

மற்ற இருவரும் சொன்னதைப் போல இரண்டு மடங்கு விலையை அந்த மனிதர் எழுதிக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், என் காருக்கு அவ்வளவு மதிப்பா என்று ஐந்து நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தத் தொகையைக் கழித்தால் மெக்கானிக்குக் கொடுக்கக் காசு இருக்காது என்பது பிறகுதான் உறைத்தது. கணவர் திட்டவில்லை. “விட்டுருவமா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். நான் காலிபரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, தம்பி என்னைச் சிதம்பரம் கிளை அலுவலகத்தில் இறக்கிவிட்டான். வெள்ளத்தில் வண்டியைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். இருக்கிற நாற்காலிகள் போதவில்லை. அதிகாரி எனக்கு எதிர் நாற்காலியைக் காட்டினார்.

“நான் என்ன மேடம் பண்றது? டயரு புதுசுன்னு நீங்களே சொன்னீங்களாமே.”

சொன்னேன்தான். சரி, கம்பிக்காவது தனியாக ஏதாவது கொடுங்கள் என்றேன். அவர் காகிதங்களைப் புரட்டினார். கம்பி பாலிசியில் இல்லை, அதனால் அதற்குப் பணம் கிடையாது. “ஆனா ஒண்ணு மேடம், கம்பிய நீங்க கழட்டி எடுத்துக்கலாம். நாங்க கேக்க மாட்டோம்” என்றார் பெருந்தன்மையாக. அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் போய்வரலாம்.

என்னிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் அது என்ன வகை வண்டி என்று எழுதியிருக்கும் இடத்தை ஒன்பது வருடமாக நான் யாருக்கும் காட்டியதில்லை. டோல்கேட்டில் காட்டினால் சும்மா போகலாம் என்றார்கள். காட்டாமல் காசு கொடுத்துவிட்டுப் போவேன். நான் அப்படித்தான். அன்று அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். சுற்றியிருந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம்.”

“நான் மாற்றுத்திறனாளி சார். வண்டி அப்படித்தான் பதிவாயிருக்கு. வரி கட்டாத வண்டி. வேற யாரு பேருக்கு மாத்தணும்னாலும் வரியக் கட்டி, கம்பியக் கழட்டி, ஆர்டிஓ ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டி எழுதி வாங்கணும். அந்த விழுப்புரத்துக்காரருக்கு இது தெரியுமான்னு கேளுங்க.”

இரைச்சல் நின்றுவிட்டது. எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். ஏற்கனவே உட்கார்ந்திருந்த எனக்கே ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அதிகாரி அங்கேயே அந்த மனிதருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

“அய்யோ, அந்த மாதிரி வண்டியா? சரி பண்ணி ஓடுற வண்டியா விக்கலாம்னு பாத்தேன் சார். ஆர்டிஓ ஆபீசுக்குலாம் அலைய முடியாது. ஒடைக்கத்தான்னா அந்த ரெண்டு பேரு சொன்னதே ஜாஸ்தி.”

விலை பாதியானது. எந்தச் சொல்லைக் காட்டி என்னை வாழ்நாள் முழுக்கக் குறைத்து மதித்தார்களோ, அந்தச் சொல் அன்று என் காரை எனக்கு வேண்டிய அளவுக்குச் சரியாகக் குறைத்துக் கொடுத்தது. கையெழுத்துப் போட்டேன். ஜெயித்தது நான்தான். ஆனால் தம்பி வரும்வரை வாசலில் நின்றபோது முகம் எரிந்தது.

மெக்கானிக் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். வண்டி வந்த மறுநாள் சாயங்காலம், கணவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் சாவியை எடுத்தேன். எங்கே போவதென்று யோசிக்கவில்லை. கம்பியை இழுத்தேன், வண்டி போனது. தேவனாம்பட்டினத்தில் மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். படகுகளுக்குப் பக்கத்தில் பெண்கள் மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சேற்று நாற்றம் இன்னும் லேசாக இருந்தது.

போன் அடித்தது.

“எங்க இருக்க?” கணவரின் பதற்றமான குரல்.

“தேவனாம்பட்டினத்துல.”

“யாரு கூட?”

“யாரும் இல்ல. நான்தான்.”

நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், அங்கேயே இரு என்று சொல்வார் என எதிர்பார்த்து, பதிலுக்குக் கோபமாகச் சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

“அப்ப சங்கரா மீன் இருக்கான்னு பாத்து ஒரு கிலோ வாங்கிட்டு வா” என்றார். “கல்லு மாதிரி இருக்கான்னு அழுத்திப் பாத்து வாங்கு. போன தடவ ஏமாந்துட்ட.”

மழைக்குப் பிறகு அன்றுதான் ஒருவர் என்னிடம் ஒரு வேலை சொன்னார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மீன்காரம்மாவைக் கூப்பிட்டேன்.