கத்தரி படாத வேட்டி

பச்சை மஞ்சளை அம்மியில் வைத்து அரைக்கும்போது எழும் அந்த மண்வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால், இன்றைக்கும் எனக்கு என் அப்பாவின் வேட்டிதான் கண்முன் வரும்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளான ‘லயத்தில்’ குடியிருந்தோம். ‘கம்பிச் சடக்கு’ என்று எங்கள் சனங்கள் சொல்லும் தண்டவாளத்தில் வேலை பார்த்த அப்பாவை, சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்றே மாதம் என்று சொல்லி லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் போய், ஒரு வருடமும் போன பிறகு, அம்மா அவருடைய எட்டு முழ வேட்டியைக் கொல்லையில் விளைந்த மஞ்சளில் நனைத்து, நிழலில் உலர்த்தி, முருகன் படத்துக்குக் கீழே மடித்து வைத்தார். அப்பா திரும்பி வந்ததும் அதை உடுத்திப் பத்துமலைக்குக் காவடி எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல்.

ஜப்பான்காரன் இருந்த கடைசி வருடம், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பாக, எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த ‘பாடாங்’ திடலில் ஜனவரி இருபத்தாறை இந்திய சுதந்திர நாளாகக் கொண்டாட ஏற்பாடானது. இந்தியாவுக்கு விடுதலை அப்போது வந்திருக்கவில்லை. வந்துவிடும் என்ற நம்பிக்கையை வைத்தே இங்கே கொண்டாடினார்கள். எனக்கு எட்டு வயது. கோலாலம்பூரில் பிறந்த நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. “உன் நாட்டுக்கா விசேஷம்? நீ அங்கே போயிருக்கிறாயா?” என்று பக்கத்துக் ‘கம்பத்தில்’, அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த பெரியவர் கேட்டபோது, லயத்துக்கு ஓடி வந்துவிட்டேன்.

கொடி தைக்கும் பொறுப்பு தையற்கடை மாணிக்கம் அண்ணனுக்கு. துணிக்குப் பஞ்சமாக இருந்த காலம் அது. கோணியை உடுத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, வெள்ளைக்கு மாவுச்சாக்கு இருக்கு. பச்சைக்கு என் கடைத் திரை இருக்கு. மேல காவிக்குத்தான் ஒரு முழம்கூட கிடைக்கல லா. சாமி படத்துக்குக் கீழ இருக்கே, அதை ஒரு நாளைக்குக் குடுங்க.”

“அது அவரு வந்து கட்ட வேண்டியது, தம்பி.”

“நாடு விடுதலையானா, சயாமுக்குப் போனவங்களைத்தான் முதல்ல கூட்டிட்டு வருவாங்கக்கா.”

அவர் ஏமாற்றவில்லை, அப்படித்தான் நம்பினார். அம்மா முருகன் முன் வெகுநேரம் நின்றுவிட்டு வேட்டியை எடுத்து நீட்டினார். “கத்தரி மட்டும் படக்கூடாது” என்றார்.

மாணிக்கம் அண்ணன் அம்மாவின் சொல்லைக் காப்பாற்றினார். வேட்டியை நீளவாட்டில் நான்காக மடித்து, பிரித்தெடுக்க வசதியாக நூலோட்டம் மட்டும் போட்டு இணைத்தார். அதனால் மேல்பட்டை தடித்துப்போய், கொடி காற்றடித்தும் அசையாமல் தொங்கியது. “என்ன மாணிக்கம், கொடி ஏத்தினியா, மெத்தை காயப் போட்டியா?” என்று அடுத்த வீட்டு அஞ்சலைக்கா கேட்க, திடலே சிரித்தது. எங்களுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். மேடையில் பேசியவர்களை அம்மா பார்க்கவே இல்லை. உச்சி வெயிலில் நின்று அந்த மேல்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் நூலைப் பிரித்து அண்ணன் கொண்டுவந்து கொடுத்தபோது, வேட்டியின் வெளிப்பக்கம் மஞ்சள் போய் வெளுத்திருந்தது. வெள்ளை, புருஷனை இழந்தவள் கட்டுகிற நிறம். “வெள்ளையாயிடுச்சே முருகா” என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலைக்கா ஓடி வந்தார். “அடியே, மஞ்சள் வெயில்ல வெளுக்கும்னு உனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே நிழல்ல காயப் போட்ட?” என்று வைதுகொண்டே வேட்டியை வாங்கி விரித்தார். உள்மடிப்பு நனைத்த அன்றிருந்தது போலவே பளிச்சென்று இருந்தது. “பாரு நல்லா. உள்ளே ஒண்ணும் ஆகல. எழுந்திரு, அம்மியைக் கழுவு, மறுபடி நனைச்சிடலாம்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வேணாம்க்கா. இப்படியே இருக்கட்டும். ஒரு நாள் கொடியா நின்னுச்சுன்னு அவருக்குக் காட்டணும்.”

பூசத்தன்று பத்துமலைக்கு நடந்து போய், அந்த வேட்டியைச் சாமிக்குக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தோம்.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாக வரத் தொடங்கினார்கள். ரயில் வருகிறதென்று கேள்விப்பட்டபோதெல்லாம் அம்மா வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அப்பா வரவில்லை, இறந்தார் என்ற செய்தியும் வரவில்லை. பிறகு இந்தியாவுக்கு மெய்யாகவே விடுதலை கிடைத்தது, நாங்கள் பிறந்த இந்த நாட்டுக்கும் மெர்டேக்கா வந்தது. இரண்டு நாளும் அம்மா வேட்டியை விரித்து விளக்கேற்றிக் கும்பிட்டார். கடைசிவரை வெள்ளை உடுத்தவில்லை. குங்குமத்தோடுதான் கண்ணை மூடினார். ஏன் இப்படி ஆயிற்று என்று முருகனை நான் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை.

இன்று அந்த லயமும் இல்லை, திடலும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள் நிற்கின்றன. ஆகஸ்டு மாதம் என் பிள்ளைகள் வாசலில் கட்டும் நம் மலேசிய நாட்டுக் கொடி எவ்வளவு வெயிலிலும் வெளுப்பதில்லை. வேட்டி என்னிடம் இருக்கிறது. வெயில் படாமலே உள்மடிப்பின் மஞ்சளும் போய்விட்டது. எது வெளி, எது உள் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. பூசத்துக்குப் பூசம் எடுத்துச் சாமி முன் வைக்கிறேன்; பழைய மடிப்பிலேயே மடித்துத் திரும்ப வைக்கிறேன். இன்றுவரை அதன்மேல் கத்தரி படவில்லை.