அலமேலு அக்காவின் கை

போன வாரம் தையற்காரரிடம் எனக்கு ஒரு சின்ன அவமானம் நேர்ந்தது. திருப்பதியில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கிறார். “உங்க அளவு எனக்கு மனப்பாடம் மேடம்” என்று சொல்லி, பல வருடங்களாக அளவே எடுக்காமல் எனக்கு ரவிக்கை தைப்பவர். இந்த முறை என் கையைப் பார்த்தவர் நாடாவை எடுத்து மேற்கையைச் சுற்றினார். “பழைய அளவு இனிமே ஆகாது மேடம். கை எளைச்சிப் போச்சு, சதையெல்லாம் லூஸாயிடுச்சு” என்றார். கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இருவரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். தசையைப் பற்றிப் பேசியே சம்பாதிக்கிறவள். வயது ஏற ஏறத் தசை தானாகக் கரையும், வேலை கொடுக்காவிட்டால் இன்னும் சீக்கிரம் கரையும், ஆகவே தினமும் கொஞ்சம் பாரம் தூக்குங்கள் என்று காலை முதல் மாலை வரை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு இரண்டாவது மாடிக்கு லிப்டில் ஏறிப் போகிறவள். புது அளவிலேயே தைக்கச் சொன்னேன்.

இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் புதுத்துணியின் கஞ்சி வாசனை எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வாசனையோடு சித்தூர் ஞாபகம் வந்தது. நான் ரவிக்கை தளர்ந்து போனதற்கு வருத்தப்படுகிறேன். ரவிக்கையின் கை இறுகிப்போய்விட்டது என்று பயந்து அழுத ஒருத்தியை எனக்குத் தெரியும்.

படிப்பு முடிந்ததும் முதல் வேலை சித்தூரில், ஒரு சின்ன நர்சிங் ஹோமில். எங்கள் ஊர் நகரி பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ். உடம்பில் இருக்கிற தசைகளின் பெயரெல்லாம் எனக்கு இங்கிலீஷில்தான் தெரியும். நோயாளிகளிடம் அது உதவாது. தமிழ்க்காரர்களிடம் ‘சதை’ என்பேன், தெலுங்குக்காரர்களிடம் ‘கண்ட’ என்பேன். அவசரத்தில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். அவர்கள் பெருந்தன்மையாகப் புரிந்துகொள்வார்கள்.

நர்சிங் ஹோமுக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு நானே போக வேண்டும். அப்படித்தான் வெல்ல மண்டிக்குப் பின்னால் இருந்த தெருவுக்குப் போக ஆரம்பித்தேன். சீசனில் அந்தத் தெரு முழுக்க வெல்லம் மணக்கும். சுவரெல்லாம் எறும்பு. வீடு திரும்பிய பிறகும் என் துப்பட்டாவில் அந்த இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

முனிரத்தினம் அந்த மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பத்தைந்து, அறுபதுக்குள் இருக்கும். மற்றவர்கள் ஒரு மூட்டை சுமக்கிற நேரத்தில் இவர் இன்னொன்றுக்குத் திரும்பி வந்துவிடுவாராம். லாரி டிரைவர்கள் இவர் பேரைச் சொல்லிக் கேட்பார்களாம். நான் அதையெல்லாம் கேள்விப்பட்டதோடு சரி. நான் பார்த்த முனிரத்தினம் கட்டிலில் கிடந்தார். நுரையீரலில் சளி கட்டி, திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் மூச்சு மெஷினில் இருந்து பிழைத்து வந்தவர். முகமும் குரலும் பெரிய ஆளுடையவை. லுங்கிக்குக் கீழே இருந்த கால்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. தொடையை நான் இரண்டு கையாலும் பிடித்தபோது விரல்கள் ஒன்றையொன்று தொட்டன.

“ஆஸ்பத்திரில என் காலை உட்டுட்டு வந்துட்டேன் பாப்பா” என்றார். “இது வேற யாருதோ, மாத்திக் குடுத்துட்டாங்க.”

அது ஆஸ்பத்திரியின் குற்றமில்லை. பெரிய நோயில் அசையாமல் படுத்திருந்தால் உடம்பு தன் தசையையே எடுத்து எரித்துக்கொள்ளும். உயிரைக் காப்பாற்ற அதற்கு வேறு வழி தெரியாது. சின்ன வயதுக்காரருக்குச் சீக்கிரம் திரும்பிவிடும். வயதானவருக்குக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதை அவருக்கு விளக்கிவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பயிற்சியைச் சொன்னேன். கோபம் வந்துவிட்டது.

“மூட்டை தூக்குனவனுக்கு நிக்க சொல்லித் தர்றியா? போ பாப்பா. நல்லா துன்னுட்டு ரெஸ்ட் எடுத்தா தானா வரும்.”

ஆட்டுக்கால் சூப், தைலம், தூக்கம். இந்த மூன்றிலும் அவருக்கு இருந்த நம்பிக்கை என்மேல் இல்லை. நானும் அப்போது சின்னப் பெண். அவர் குரலை உயர்த்தினால் மேலே வற்புறுத்த மாட்டேன். தைலம் தேய்த்துக் காலை மடக்கி நீட்டிவிட்டு வந்துவிடுவேன்.

அவரைத் தூக்குவது, உட்கார வைப்பது, பின்பக்கக் கக்கூசுக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர் மனைவி அலமேலு அக்கா. பிள்ளைகள் இல்லை. அக்கா அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டார். ஆரம்பத்தில் முதுகை வளைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். முட்டியை மடக்கி, அவரை மார்போடு அணைத்து, காலால் எழுந்து தூக்கும்படி நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். தூக்கும்போதெல்லாம் இருவரும் சண்டை போடுவார்கள்.

“மெதுவா, மெதுவா. மூட்டையா நானு?”

“மூட்டையா இருந்தா வாய மூடிக்கினு இருக்குமே!”

எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் கக்கூஸ் கதவுக்கு வெளியே அக்கா காத்திருக்கும்போது, உள்ளேயிருந்து அவர் கூப்பிடுகிற குரலில் சண்டை இருக்காது. மெல்ல, ஒரே ஒரு தரம், “அலமேலு” என்பார். அந்தக் குரலைக் கேட்டால் நான் தெருப்பக்கம் போய் நின்றுகொள்வேன்.

ஒருநாள் நான் போனபோது அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். கண் கலங்கியிருந்தது. நகரியில் அவருடைய அக்கா மகளுக்கு இன்னும் மூன்று மாதத்தில் கல்யாணம். தாய் இல்லாத பெண், இவர் வளர்த்தது. அதற்காகப் பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து, அதன் ரவிக்கையைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

“வீங்கிக்கினு வருது பாப்பா. ரெண்டு கையும். வலி இல்ல, உள்ள கட்டி மாதிரி கெட்டியா கீது. அவருகிட்ட சொல்லாத. எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா அவர யாரு தூக்குவாங்க?”

முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினார். அழுத்திப் பார்த்தேன். மடக்கச் சொன்னேன், நீட்டச் சொன்னேன். தோள் முதல் முழங்கை வரை இழுத்துக் கட்டிய கயிறு போலத் திரண்டிருந்தது. நர்சிங் ஹோமில் நான் பார்த்த ஆண்களில்கூடப் பலருக்கு அப்படி ஒரு கை கிடையாது.

“அக்கா, இது நோய் இல்ல. சதை. நல்ல சதை. அண்ணாவ தூக்கித் தூக்கி வந்தது.”

அக்கா நம்பவில்லை. நான் கையை மடக்கி அவருடைய விரல்களால் என் சதையைத் தொடவைத்தேன், பிறகு அவருடையதை. வித்தியாசம் அவருக்கே தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். சாத்திய கதவு மெல்லிய பலகை. கட்டிலில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

நான் வெளியே வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்படியே கேட்டார்: “என் சதையெல்லாம் அவகிட்ட போயிடுச்சா பாப்பா?”

வேடிக்கையாகக் கேட்கவில்லை. ஒரு வீட்டில் இருக்கிற பலம் இவ்வளவுதான், ஒருவரிடம் குறைந்தால் மற்றவரிடம் போய்ச் சேரும் என்பது போலக் கேட்டார். “அக்கா வேலை செய்யுது, அதான் வந்திச்சு. நீங்களும் செஞ்சா வரும்ணா” என்றேன். அவர் திரும்பவில்லை.

அதற்குள் அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் போகப்போவதில்லை. தன்னைத் தூக்க வேறு யாரையும் முனிரத்தினம் விடமாட்டார். எதிர்வீட்டுத் தெலுங்கு ஆட்டோக்காரர், “நேனு சூஸ்குண்டா அக்கா, நா பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா” என்று இரண்டு பாஷையிலும் சொல்லிப் பார்த்தார். கக்கூசுக்கு இன்னொரு ஆம்பளை தூக்கிப் போவதா என்று முனிரத்தினம் முகம் கறுத்துப்போனார். “அப்ப நான் போவல, வுடு” என்று அக்கா ரவிக்கையைப் பெட்டியில் வைத்து மூடினார். வளர்த்த பெண்ணின் கல்யாணம். அன்று அந்த வீட்டில் சண்டைகூட நடக்கவில்லை.

மறுநாள் நான் போனதும் முனிரத்தினம் சொன்ன முதல் வார்த்தை: “அந்த நாற்காலி விஷயம் இன்னா சொன்னே, சொல்லு.”

நாற்காலியை விடக் கட்டில் நல்லது என்று தோன்றியது. ஆட்டோக்காரர் செங்கல் கொண்டுவந்து கட்டில் காலுக்கெல்லாம் முட்டுக்கொடுத்து உயர்த்தினார். உயரத்திலிருந்து எழுவது சுலபம். அந்த உயரத்தில் பழகியதும் ஓர் அடுக்குச் செங்கல்லை உருவிவிடுவோம். மறுபடி கஷ்டம், மறுபடி பழக்கம். கடைசியில் குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். அதுதான் எங்கள் இலக்கு. புத்தகத்தில் அதற்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன. எங்களுக்கு அது கக்கூஸ்தான்.

முதல் சில வாரங்களில் தொடை கொஞ்சமும் பருக்கவில்லை. ஆனால் எழுவது லேசானது. “சதை வரல, பலம் மட்டும் எப்படி வருது?” என்று சந்தேகமாகக் கேட்டார். முதலில் நரம்புதான் விழித்துக்கொள்ளும், இருக்கிற சதையை முழுதாக வேலை வாங்கக் கற்றுக்கொள்ளும், சதை பிறகு மெதுவாக வரும் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. மண்டியிலும் அப்படித்தானாம். புதிதாகச் சேர்ந்தவன் முதலில் மூட்டையைப் பிடிக்கத்தான் பழகுவானாம், உடம்பு அப்புறம்தான் ஏறுமாம். சூப்பைக் குறைத்து முட்டையும் வேர்க்கடலையும் சாப்பிடச் சொன்னேன். சூப்பை மட்டும் விடவில்லை. எல்லாவற்றையும் தின்றார்.

நடுவில் ஒருநாள், செங்கல் எல்லாம் எடுத்த பிறகு, முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. அக்கா ஓடிவந்து வழக்கம்போலக் கையை நீட்டினார். “வாணாம்” என்று முனிரத்தினம் கத்தினார். அக்கா பின்வாங்கிச் சுவரோரம் போய் நின்றார். அவர் புரண்டு, முழங்காலில் நின்று, கட்டில் சட்டத்தைப் பிடித்து, உடம்பெல்லாம் நடுங்க எழுந்தார். எழுந்து உட்கார்ந்ததும் அழுதுவிட்டார். அக்கா அப்போதும் கிட்டே போகவில்லை. போகாமல் இருக்க அவருக்குத் தூக்குவதைவிட அதிக பலம் தேவைப்பட்டிருக்கும்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அக்கா நகரிக்குப் பஸ் ஏறினார். ரவிக்கையின் கைத் தையலைப் பிரித்து விட்டிருந்தார். நான் நர்சிங் ஹோமில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்து பின்முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். பிடித்து எழுவதற்கு ஆட்டோக்காரர் கக்கூஸ் சுவரில் ஓர் இரும்புக் குழாயைப் பதித்துக் கொடுத்திருந்தார். முனிரத்தினம் சுவரைப் பிடித்து நடந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் விழுந்தது, நின்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கூப்பிடலாமா, கூப்பிட்டால் அவமானமாக நினைப்பாரா என்று தெரியவில்லை. உள்ளே இரும்புக் குழாய் ஒருமுறை கிறீச்சிட்டது. கதவு திறந்தது.

“இன்னா பாப்பா, காவலா குந்திக்கினு கீறே? போய் டீ குடி” என்றார். வேர்வையில் குளித்திருந்தார். முகத்தில் வந்த சிரிப்பை மறைக்கப் பெரிதாகக் கனைத்தார்.

அக்கா இரவு தங்குவதாகச் சொல்லித்தான் போனார். தாலி கட்டி முடிந்ததும் மனசு கேட்காமல் சாயங்காலமே திரும்பிவிட்டார். வீட்டில் கட்டில் காலி. பட்டுப்புடவையோடு தெருவெல்லாம் “அய்யோ, அந்த ஆளு எங்க பூட்டாரு?” என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். ஆள் முனைக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா திட்டிய திட்டைத் தெருவே நின்று கேட்டதாக ஆட்டோக்காரர் எனக்கு நடித்துக் காட்டினார். திட்டி முடித்த பிறகு அவர் கேட்டாராம், “பொண்ணு நல்லா இருந்துதா? நீ சாப்ட்டியா?”

மூட்டை தூக்கும் உடம்பு அவருக்குத் திரும்பவில்லை. அந்த வயதில் அவ்வளவும் திரும்பாது, அது அவருக்கும் தெரிந்திருந்தது. மண்டி வாசலில் லாரிகளை உள்ளே விடுகிற வேலையில் சேர்ந்து, நடந்தே போய் நடந்தே வந்தார். பார்க்கும்போதெல்லாம் தொடையைத் தட்டிக் காட்டுவார். நான் கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்துவிட்டேன். நல்ல வருடங்கள் அவர்களுக்கு நிறையவே கிடைத்தன என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சித்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். அலமேலு அக்கா. முடி முழுக்க வெள்ளை. வளர்த்த பெண்ணோடு நகரியில் இருப்பதாகச் சொன்னார். அண்ணா தூக்கத்திலேயே போய்விட்டாராம். முந்தின நாள் சாயங்காலம்கூட டீக்கடைக்கு நடந்து போய்வந்திருக்கிறார். அந்த நர்சிங் ஹோம் மூடிவிட்டது, மண்டித் தெருவில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருக்கிறது, ஆட்டோக்காரர் பெங்களூருக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் வெயிலில் நின்றபடியே சொல்லி முடித்தார்.

பேசிக்கொண்டே அவர் கையைப் பிடித்தேன். தொழில் புத்தி, விரல்கள் தாமாக மேற்கைக்குப் போய்விட்டன. தோல் மெத்தென்று உள்வாங்கியது. கீழே எலும்பு தட்டுப்பட்டது.

“கை ரொம்ப எளைச்சிடுச்சுக்கா. ரெண்டு பாட்டில்ல தண்ணி ரொப்பி தெனம் கொஞ்சம் தூக்குங்க. திரும்ப வரும்” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நகரி பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார்.

“போ பாப்பா. பாட்டிலு என்னைத் திட்டுமா? அந்த ஆளு மாதிரி ஒரு பாரம் எனக்கு எங்க கெடைக்கும்?”