ஆம்ப்ரோஸின் வீடு கண்டம் மாறியது

நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் எங்கள் குடாவுக்கு இரண்டு கரை. மேற்குக் கரையின் படகுத்தலைவன், 'ஸ்கிப்பர்' ஆம்ப்ரோஸ், ஐம்பது வயதுத் தனிக்கட்டை, வீம்பு பிடித்தவன். எங்கள் கிழக்குக் கரை மெல்வினா மீது உயிரையே வைத்திருந்தான். புருஷனைக் கடலுக்குக் கொடுத்த மெல்வினாவுக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் யார் கரை மாறுவது? அந்த ஒரு கேள்வியில் கல்யாணம் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு கிடந்தது.

ஒரு கோடையில் பாறைகளை ஆராயும் பெண் ஒருத்தி வந்தாள். குடா முடிந்து இரு கரையும் சேரும் புல்வெளியில், நடுவே ஓடும் கறுப்புப் பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். பிறகு சர்ச் கூடத்தில் எங்களை உட்கார வைத்து ஒரு கதை சொன்னாள். மேற்குக் கரை பழைய அமெரிக்காவாம். எங்கள் கரை ஆப்பிரிக்காவை ஒட்டிக் கிடந்த நிலமாம். நடுவே இருந்த பெருங்கடல் சுருங்கி மறைய, கண்டங்கள் முட்டி ஒன்றாயினவாம்; அந்த ஒட்டுத் தழும்புதான் கறுப்புப் பாறையாம். பிறகு அந்தப் பெருங்கண்டம் வேறு இடத்தில் கிழிந்து அட்லாண்டிக் பிறந்தபோது, எங்கள் கரை மட்டும் கிளம்பாமல் இங்கேயே ஒட்டிக்கொண்டதாம்.

ஆம்ப்ரோஸ் துள்ளி எழுந்தான். "கேட்டியா மெல்வினா? உங்க கரைதான் எங்களைத் தேடி வந்துருக்கு! இன்னொரு தரம் வந்தா என்ன தேஞ்சா போயிருவ?"

"அதான் நாங்க ஒரு தரம் வந்தாச்சே. இப்ப உன் முறை, ஸ்கிப்பர்."

கூடமே சிரித்தது. ஆம்ப்ரோஸ் முகம் வேகவைத்த நண்டாகிவிட்டது. ஆனாலும் பனி இறுகியதும் அவனே வந்து, "வீட்டோட வர்றேன்" என்றான்.

வீட்டைப் பெயர்த்து இழுப்பது எங்களுக்குப் புதிதல்ல. அடியில் உருட்டுமரம் கொடுத்து, முன்கயிற்றை நாங்கள் பிடித்தோம். சரிவில் வீடு ஓடிவிடாமல் பின்கயிற்றை மேற்குக்காரர்கள் பிடித்தார்கள். பாட்டுப் பாடி இழுத்ததில் வீடு சமதளத்துக்கு வந்துவிட்டது.

"பின்கயிறை விடுங்கடா!"

"விட்டாச்சு, விட்டாச்சு!" என்றான் ஆம்ப்ரோஸின் கூட்டாளி ஜாபஸ். விட்ட லட்சணம்! கயிற்றைப் பின்னால் நின்ற மரத்தில் சுற்றி வைத்திருந்தான் படுபாவி. நாங்கள் மூச்சைப் பிடித்து இழுக்க, உருட்டுமரம் முறிந்து, அந்தக் கறுப்புப் பாறை மீதே வீடு உட்கார்ந்துவிட்டது.

ஆம்ப்ரோஸ் பாய்ந்தான். "ஏன்டா கட்டுன?"

"நீ போயிட்டா நான் யாரோடடா சீட்டாடுவேன்?" ஜாபஸ் குலுங்கி அழுதான். கோபத்தோடு போன எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் மெல்வினா பனியில் நடந்து வந்துவிட்டாள். ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கசக்கினான். "கோச்சுக்காத. அடுத்த வாரம் மிச்சத்தையும் இழுத்துரலாம்."

அவள் மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள், விறுவிறுவென்று உள்ளே ஏறினாள்.

"போதும், இதுக்கு மேல இழுக்க வேணாம். உன்னை அனுப்ப மனசில்லாத சனம் அந்தப் பக்கம் இருக்கு, என் சனம் இந்தப் பக்கம் இருக்கு. நானும் பாதி தூரம் வந்துட்டேன். கதவைச் சாத்து, குளிருது."