மேரிசெல்வி வைத்த இடம்

மேரிசெல்வியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாதி நடராசன்மேல், மீதி என்மேல்.

மரக்காணம் உப்பளத்தில் அப்பா அம்மாவோடு வெயிலில் நின்று உப்பு வாரி வளர்ந்தவள் அவள். மாதா கோயில் பாடகர் குழுவுக்கு மைக் செட் பார்க்கப் போனவள், அப்படியே ஒலிப்பதிவு கற்றுக்கொண்டாள். குயிலாப்பாளையத்தில் ஒரு கடை மாடியில் நடராசன் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் மிக்சிங் எல்லாம் அவள்தான் செய்துகொண்டிருந்தாள்.

நடராசன் இருபது வருடம் திருவிழாக்களுக்கு சவுண்ட் சர்வீஸ் போட்டவர். கீழ்புத்துப்பட்டிலிருந்து எங்கள் பம்பைக் குழு பாட்டுப் பதிவு செய்யப் போனபோது பார்த்தேன், பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தத்தைத் தருகிற இரண்டு சப்வூஃபர் பெட்டிகளை ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். திருவிழாத் திடலில் அப்படித்தான் அடுக்குவார்கள், ஊருக்கே கேட்க வேண்டுமே. நாலு சுவருக்குள் அது என்ன செய்யும் என்று அந்த மனுசன் ஒரு நாளாவது யோசித்திருந்தால்தானே!

முதல் பாட்டு வந்தது. ஷேர் ஆட்டோவில் போட்டுக் கேட்டால் பம்பை தொம்தொம்மென்று ஒரே இரைச்சல். பாடுகிற அர்ச்சுனன் குரலையே காணோம். நேரே ஸ்டுடியோவுக்குப் போய்க் கத்தினேன். நடராசன் என் எதிரிலேயே அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். உப்பு வாரின காதுக்கு பேஸ் என்ன தெரியும் என்று கேட்டார். இதைச் சரி பண்ணாவிட்டால் நாளையிலிருந்து வேறு ஆள் என்றார். நானும் தலையாட்டினேன்.

அவள் அந்த மூலையைக் காட்டினாள்.

"தப்பு என் காதுல இல்ல சார், ரூம்ல இருக்குது. மூலையில அடுக்கினா பேஸ் ஒரு எடத்துல குவியுது, ஒரு எடத்துல செத்துப்போவுது. என் நாற்காலி அந்தச் செத்த எடத்துல கெடக்குது. எனக்குக் கேக்கலன்னு நான் ஏத்தி ஏத்தி வெச்சிட்டேன்."

நடராசன் சிரித்தார். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பெட்டியைத் தனியாளாக இழுத்துவந்து தன் நாற்காலி இருந்த இடத்தில் வைத்தாள். பம்பை அடியை ஓடவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, முட்டி போட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்தாள். பெட்டியையும் காதையும் இடம் மாற்றினாலும் கேட்பது ஒன்றுதானாம். சத்தம் எங்கே வீங்காமல், சாகாமல் நேராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டுமாம். அவள் தவழ்வதை நடராசன் போனில் படம் எடுத்தார். என்ன திமிர் பாருங்கள். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன், மறைக்க மாட்டேன்.

அரை நாள் ஆயிற்று. ஒரு பெட்டி முன்சுவர் நடுவில் நின்றது, இன்னொன்று எதிர்ச்சுவர் நடுவில். ஒன்றின் குறையை இன்னொன்று அடைத்தது. அதே பாட்டைத் திரும்ப மிக்ஸ் செய்து கொடுத்தாள். மறுபடி ஷேர் ஆட்டோவில் போட்டேன். ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுந்தது, அர்ச்சுனன் குரல் அதற்கு மேலே தெளிவாக நின்றது.

மறுவாரம் புதுச்சேரியிலிருந்து ஒரு படக்கம்பெனிக்காரர் ஸ்டுடியோ பார்க்க வந்தார். எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, பேஸ் பிரமாதம், யார் இப்படி அமைத்தது என்று கேட்டார். நடராசன் கொஞ்சமும் கூசவில்லை. இருபது வருச அனுபவம், நான்தான் பிரித்து வைத்தேன் என்றார்.

மேரிசெல்வி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க. சொல்லுங்க."

எங்களுக்கு இன்னும் நாலு பாட்டு பாக்கி இருந்தது. அதை நடராசன்தான் முடித்துத் தர வேண்டும்.

"எனக்கு இந்த டெக்னிக்கல் எல்லாம் தெரியாதும்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நடராசனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அங்கே வரவே இல்லை.

மீதிப் பாட்டுகளைச் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆள் முடித்துக் கொடுத்தார். நாலும் நன்றாகவே வந்தன. பெட்டிகள் அவள் வைத்த இடத்திலேயேதான் இன்னும் இருக்கின்றன. பாட்டு வெளியானபோது அதில் நடராசன் பேர் இருந்தது, கன்னியப்பன் என்று என் பேரும் இருந்தது.